அந்தக் குறிப்பின் கீழே ஒரு வரி சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் கொலு பொம்மைகளை எடுத்து வைப்பது பற்றி ஒரு வீட்டுக் குறிப்பு வந்திருந்தது. பழைய நூல் சேலையைக் கிழித்துப் பொம்மைகளைச் சுற்றி, பெட்டியின் நாலு மூலையிலும் பாச்சா உருண்டை போட்டு மூடிவைத்தால் அடுத்த நவராத்திரி வரை பூச்சி அண்டாது என்று எழுதியிருந்தார்கள். பொம்மைக்கு அது சரி. ஆனால் எங்கள் பக்கத்தில் டிரங்குப் பெட்டிக்குள் பொம்மை மட்டுமா இருக்கிறது? பிள்ளை பெற்ற வீட்டில் தொட்டில் கட்டப் பழந்துணி வருவதும் அதே பெட்டியிலிருந்துதான். அதனால் அந்தக் குறிப்பின் கீழே ஒரு வரி சேர்க்க வேண்டும். அது ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம். இடம் போதாது என்றால் என் வீட்டுக் கதையை வெட்டுங்கள், மற்றதை வெட்டாதீர்கள்.

நான் வீரவநல்லூர்க்காரி. தாமிரபரணிக் கரைப் பள்ளிகளில் 31 ஆண்டு அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். பதங்கமாதல் பாடம் வரும்போதெல்லாம் எனக்குப் பாச்சா உருண்டைதான் கருவி. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஓர் உருண்டையை நூலால் சுற்றளவு அளந்து, ஒரு மூடியில் போட்டு ஜன்னல் திண்டில் வைத்துவிடுவேன். யாரும் தொடக் கூடாது. அரையாண்டுப் பரீட்சை வரும்போது அது சுண்டைக்காய் அளவுக்கு வந்திருக்கும். "உருகலை, தண்ணியில கரையலை, யாரும் எடுக்கலை. எங்கன போச்சு?" என்று கேட்பேன். திடப்பொருள் திரவமாகாமல் நேராக ஆவியாகிறது என்று எல்லாப் பிள்ளைகளும் ராகம் போட்டுச் சொல்லும். ஒரு வருடம், முன் பெஞ்சில் இருந்த பையன் எழுந்து, "அப்பம் அந்தக் காத்தைத்தான நாம மூச்சு விடுதோம் டீச்சர், ஒண்ணும் செய்யாதா?" என்றான். "ஒண்ணும் செய்யாதுலே, உக்காரு" என்றேன். இப்போது எந்த ஊரில் இருக்கிறானோ. பார்த்தால் அவன் கேட்டதுதான் சரி என்று சொல்ல வேண்டும்.

என் மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நாலு வருடத்துக்கு முன், ஐப்பசி மாதம். ஆண் பிள்ளை, 2 கிலோ 900 கிராம், சுகப்பிரசவம். மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறந்த பிள்ளைக்கு எடுத்த எடுப்பில் புதுத்துணி போடுவதில்லை, ஆண்டு அனுபவித்தவர்கள் உடுத்திய பழந்துணிதான் போடுவது என்பது எங்கள் வழக்கம். என் அம்மா 84 வயது வரை இருந்தாள். எங்கள் ஊர்த் தறியில் நெய்த நூல் சேலைகள்தான் கட்டுவாள். துவைத்துத் துவைத்து மல்லிகைப்பூப் போல ஆகிவிட்ட அந்தச் சேலைகளை இரண்டு பெட்டியில் வைத்திருந்தேன். வருடா வருடம் பழைய உருண்டை கரைந்ததும் புது உருண்டை போடுவேன். அறிவியல் டீச்சர் அல்லவா, கணக்குத் தவறாது.

அன்று நல்ல மழை. துவைத்தால் காயாது. தார்சாவில் நின்று சேலையை உதறி, கொஞ்ச நேரம் கொடியில் போட்டு எடுத்தேன். ஒன்றில் தொட்டில் கட்டினேன். இன்னொன்றைக் கிழித்து, பிள்ளையைச் சுற்றவும் கீழே விரிக்கவும் வைத்தேன். வாசனை இருந்தது. பெட்டித் துணி என்றால் அந்த வாசனை இருக்கத்தானே செய்யும். உண்மையைச் சொன்னால் எனக்கு அது அம்மாவின் வாசனை. பிள்ளையின் தலை முதல் கால் வரை தேங்காய் எண்ணெய் தடவி, அந்தத் துணியில் பொதிந்து, அந்தத் தொட்டிலில் போட்டேன். பாச்சா உருண்டையில் இருக்கும் நாப்தலீனை எண்ணெய் தடவிய தோல் இன்னும் சுலபமாக உள்ளே வாங்கிக்கொள்ளும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

நாலாம் நாள் கண்ணில் மஞ்சள் தட்டியது. "பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் வரத்தான செய்யும் மதினி, இளவெயில்ல காட்டுங்க" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. கீழாநெல்லி அரைத்துத் தாய்க்குக் கொடுக்கச் சொன்னாள் இன்னொருத்தி. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, நானும் அப்படித்தான் நினைத்தேன். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த மஞ்சள் தானே வந்து தானே போவதும் உண்மைதான். ஆனால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் வருகிற மஞ்சளும், முகத்திலிருந்து இறங்கி உள்ளங்கை, உள்ளங்கால் வரை போகிற மஞ்சளும் வேறு. அதற்கு வெயில் வைத்தியம் ஆகாது. ஆஸ்பத்திரியில் வைக்கும் நீல விளக்கு செய்கிற வேலையை ஜன்னலோரத்து வெயில் செய்துவிடாது.

ஐந்தாம் நாள் விடியுமுன், "அம்மா, இங்க வந்து பாரேன்" என்று மகள் கூப்பிட்டாள். பச்சைப் பிள்ளையின் மூத்திரம் தண்ணீர் மாதிரி இருக்கும், காய்ந்தால் துணியில் தடம்கூடத் தெரியாது. இது கருப்பட்டிக் காப்பி கொட்டினது போல் இருந்தது. நடுவே கறுப்பு, ஓரத்தில் செம்பழுப்பாக ஒரு வளையம். டியூப்லைட்டுக்கு அடியில் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தேன், மோந்தும் பார்த்தேன். அப்போதும் பாச்சா உருண்டை வாசனைதான் வந்தது. நான் அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. பிள்ளை பால் குடிக்கவில்லை. அழுகை கீச்சென்று, பூனைக்குட்டி கத்துவது மாதிரி. காரை வரச்சொல்லித் திருநெல்வேலிக்கு ஓடினோம். சேரன்மகாதேவி தாண்டி, பத்தமடை தாண்டி, எத்தனை வேகத்தடை இருக்கிறதென்று அன்றைக்கு எண்ணினேன். இப்போது மறந்துபோயிற்று.

போன இடத்தில் பச்சைக் குழந்தைகள் வார்டில் ஒரு பயிற்சி டாக்டர், என்னிடம் கடைசியாகப் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும், சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். அவிழ்த்தவர் அப்படியே நின்று, துணியை மூக்கருகே கொண்டுபோனார். "ஆச்சி, இது என்ன வாசம்?" "பெட்டித் துணிம்மா. பாச்சா உருண்டை." அவர் திரும்பி உள்ளே இருந்த பெரிய டாக்டரிடம், "மேடம், நாப்தலீன்" என்றார். 31 வருடம் கரும்பலகையில் நான் எழுதிய சொல். அந்த நிமிடம் வரை அந்தச் சொல்லும் என் வீட்டுத் தொட்டிலும் ஒன்றோடொன்று சேரவே இல்லை எனக்கு.

மஞ்சளை உண்டாக்கும் பிலிருபின் ரத்தத்தில் 29 இருந்தது. ரத்தம் உடைந்துகொண்டே இருந்தது. தொப்புள்கொடி ரத்தக்குழாய் வழியாகக் கொஞ்சம் எடுப்பதும் கொஞ்சம் கொடுப்பதுமாக, பிள்ளையின் உடம்பில் உள்ள ரத்தத்தைப் போல இரண்டு மடங்கு ரத்தம் ஏற்றி மாற்றினார்கள். பிள்ளை பிழைத்தான். அந்த டாக்டர்கள் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் மஞ்சள் செய்யும் வேலையைக் காதுக்குப் போகும் நரம்புப் பாதையில் அதற்குள் செய்துவிட்டது. இப்போது இரண்டு காதிலும் கருவி. குக்கர் விசில் அடித்தால் திரும்பிப் பார்ப்பான். கருவி போடாத நேரத்தில் அவன் அம்மாவின் கொலுசுச் சத்தம் தெரியாது.

டாக்டர் சொன்ன காரணத்தை என் பாணியில் சொல்கிறேன். சிவப்பணுவின் வேலை ஆக்சிஜன் சுமப்பது. ஆக்சிஜன் பட்ட இரும்பு துருப்பிடிக்கும் என்று சின்ன வகுப்பிலேயே நடத்துகிறோம். அணுவுக்குள்ளும் அப்படியொரு சேதம் ஓயாமல் நடக்கிறது. அதை அன்றன்றைக்குத் துடைத்துச் சரிபண்ண ஓர் ஏற்பாடு உண்டு. அந்த ஏற்பாட்டை நடத்துகிற நொதிதான் குளுக்கோஸ் 6 பாஸ்பேட் டிஹைட்ரோஜினேஸ், சுருக்கமாக ஜி6பிடி. உடம்பின் மற்ற செல்களுக்கு மாற்று வழி இருக்கிறது, சிவப்பணுவுக்கு இது ஒன்றுதான். அதற்கு உட்கருவும் கிடையாது. ஆகவே உருவாகும்போது கட்டிக்கொண்டு வந்த நொதியை வைத்தே 120 நாளும் ஓட்ட வேண்டும். குறைபாடு உள்ளவர்களுக்கு அந்தக் கையிருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். சும்மா இருக்கும்வரை வித்தியாசமே தெரியாது. நாப்தலீன் மாதிரி ஒன்று உள்ளே போனால் அணுக்கள் கூட்டங்கூட்டமாக உடையும். நான் விளக்கடியில் பிடித்துப் பார்த்த நிறம் அதுதான். உடைந்ததிலிருந்து வரும் பிலிருபினைக் கழிக்கிற பக்குவம் பிறந்த பிள்ளையின் கல்லீரலுக்கு இன்னும் வந்திருக்காது. அது மிஞ்சிப்போனால் மூளையில் போய்ப் படியும்.

இதிலே ஒரு வேடிக்கை. ஆஸ்பத்திரியில் முதலில் எடுத்த ஜி6பிடி பரிசோதனையில் நொதி ஏறக்குறைய சரியாக இருப்பதாகவே வந்தது. என் மருமகன் சந்தோஷப்பட்டார். டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னார். நொதி தீர்ந்த பழைய அணுக்களெல்லாம் உடைந்து போய்விட்டன, மிச்சம் இருப்பவை நொதியோடு இருக்கும் இளசுகள். வாழைக்காய் மண்டியில் பழுத்த தார் எல்லாம் விலைபோன பிறகு வந்து பார்த்தவன், இங்கே எல்லாம் பச்சைக்காய்தான் என்று எழுதிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? அப்படி. மூன்றாம் மாதம் பார்த்ததில் குறைபாடு உறுதியானது. ஆபத்து நடக்கும்போது எடுக்கிற பரிசோதனை ஏமாற்றக்கூடும் என்பதாலும்தான், நடக்கும் முன்பே பார்த்துவைக்க வேண்டும் என்கிறேன்.

இது பரம்பரைக் குறை. எக்ஸ் குரோமோசோமில் தாய் வழியாக மகனுக்கு வருவது. சம்பந்தியம்மா நல்லவர்தான், ஆனால் ரிப்போர்ட்டைக் கேட்டதும் வாயிலிருந்து வந்தது, "எங்க வீட்ல இப்படி யாருக்கும் கிடையாதே" என்பது. இன்னொரு பக்கம், சொந்தத்தில் கட்டினதால் வந்தது என்று தெருவில் பேசினார்கள். என் மகளும் மருமகனும் சொந்தமே இல்லை. இது அப்படிப்பட்ட குறையும் இல்லை, அசலில் கட்டினாலும் வரும். தாய்க்கு இரண்டு எக்ஸ், அதில் ஒன்றில் குறை இருந்தால் பிறக்கிற ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டுச் சம்பந்தியம்மாவுக்குக் காட்டினேன். பார்த்துவிட்டு, "இதுல பிள்ளை மேல என்ன தப்பு இருக்கு?" என்றார். என் மகளைத்தான் சொன்னார். அதற்கு மேல் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் இல்லை.

கட்டம் போட்டபோதுதான் எனக்கே உறைத்தது. என் தம்பி 1986ல் பம்பாய் தாராவியில் வேலை பார்த்தான். மலேரியா வந்து மாத்திரை சாப்பிட்டவனுக்கு மூன்றாம் நாள் கறுப்பாக மூத்திரம் போய், கண் மஞ்சளாகி, நடக்கத் தெம்பில்லாமல் ஊருக்குத் தூக்கி வந்தார்கள். மலேரியா முற்றிவிட்டது என்றே நினைத்தோம். மலேரியாவுக்குக் கொடுக்கும் பிரைமாகுவின் மாத்திரை இந்தக் குறை உள்ளவர்களின் ரத்தத்தை உடைக்கும். சொல்லப்போனால் இந்தக் குறையைக் கண்டுபிடித்ததே அந்த மாத்திரையால்தான். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலச் சிறையில் கைதிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சிலருக்கு மட்டும் ரத்தம் உடைந்தது, ஏன் என்று தேடிப்போய் 1956ல் நொதிக் குறையைக் கண்டார்கள். கைதிகளை வைத்துச் சோதனை செய்தது நியாயமா என்பது வேறு பேச்சு. என் தம்பி படுக்கையில் கிடந்தபோது அந்தக் கண்டுபிடிப்புக்கு 30 வயது. எங்கள் வீட்டுக்கு அந்தச் சேதி வந்து சேர இன்னும் முப்பத்தைந்து வருடமும் ஒரு பச்சைப் பிள்ளையின் காதும் வேண்டியிருந்தது.

எனக்கு மூத்தவனாக அம்மாவுக்கு ஒரு பையன் பிறந்து எட்டாம் நாள் போய்விட்டானாம். பெயரும் வைக்கவில்லை, படமும் கிடையாது. "மஞ்சக் கிழங்கு மாதிரி இருந்தான்" என்று அம்மா சொல்வாள். நிறத்தைச் சொல்கிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் எனக்கு விட்டுப்போனது சேலையையும் இதையும்.

இனி நான் கேட்க வந்தது.

என் நாத்தனார் மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். அவளுக்குப் பிள்ளை பிறந்தபோது கேட்காமலேயே தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி பார்த்து, குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அங்கே 1965லிருந்து எல்லாக் குழந்தைக்கும் இப்படி. அப்போது எனக்கு மூன்று வயது. குறை இருக்கும் பிள்ளையை உடனே வீட்டுக்கு விடாமல் மஞ்சள் ஏறுகிறதா என்று கண்காணிப்பார்கள், பாச்சா உருண்டை பட்ட துணி கூடாது என்று தாய்க்குச் சொல்லி அனுப்புவார்கள். அவ்வளவுதான் வைத்தியம். மஞ்சளால் மூளை கெட்டுப்போகும் பிள்ளைகளை அங்கே இப்போது பார்ப்பது அபூர்வம். சிங்கப்பூர் பணக்கார நாடு என்பீர்கள். சரி, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் போங்கள். கேரளத்து அரசு மருத்துவமனைகளில் பிறந்த பிள்ளையின் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்க்கிற சில கோளாறுகளில் இதுவும் ஒன்று, பிறவித் தைராய்டுக் குறையும் ஒன்று. இங்கே பெய்கிற சாரல் அங்கிருந்துதான் வருகிறது. அந்தப் பரிசோதனை மட்டும் மலை தாண்டி வர மாட்டேன் என்கிறது.

குதிகாலில் குத்தி அட்டையில் ரத்தப் பொட்டு வைக்கும் முறை ராபர்ட் கத்ரி என்ற அமெரிக்க டாக்டர் 1960களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. அவர் மகன் மனவளர்ச்சி குன்றியவன், அவர் உறவுக் குழந்தை ஒன்றுக்கு இதே போல வேறொரு நொதிக் குறை. வீட்டில் பட்டவர்தான் வழி தேடியிருக்கிறார். நல்ல முறை. ஆனால் ஜி6பிடிக்கு அதில் ஒரு சிக்கல் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அட்டை வாங்கிவிட்டோம், கடமை முடிந்தது என்று இருந்துவிடுவார்கள். வெக்கையிலும் ஈரக்காற்றிலும் இந்த நொதி அட்டையிலேயே செத்துப்போகும். அக்னி நட்சத்திரத்தில் இங்கிருந்து தபாலில் ஏற்றி எங்கோ ஒரு ஊருக்கு அனுப்பினால் குறை இல்லாத பிள்ளைக்கும் குறை என்று வரும். அதைவிட, மஞ்சள் ஏறுவது மூன்றாம் நாள், நாலாம் நாள். முடிவு பத்தாம் நாள் வந்தால் என் பேரனுக்கு என்ன பிரயோஜனம்?

அதனால் இதைப் பிறந்த இடத்திலேயே பார்க்க வேண்டும். ஒரு சொட்டு ரத்தத்தை அதற்கான கரைசலில் கலந்து, வடிதாளில் பொட்டு வைத்து, இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டினால் நொதி இருக்கிற பொட்டு ஒளிரும், இல்லாத பொட்டு இருண்டு கிடக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துக்கூட என்னால் செய்து காட்ட முடியும். ஊசியும் வேண்டாம். வெட்டிக் கீழே போடுகிற தொப்புள்கொடியில் ரத்தம் இருக்கிறது. அன்றைக்கே முடிவு தெரியும். தாலுகா ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் இதற்கு ஒரு மூலை போதும். பெண் பிள்ளைகள் சிலரிடம் பாதிக் குறை இருந்து பொட்டில் தெரியாமல் போகலாம். ஆண் பிள்ளைகளை விடாமல் பிடித்தாலே பெரும்பகுதி ஆபத்தை மறித்துவிடலாம்.

மருந்தே இல்லாத குறையைக் கண்டுபிடித்து என்ன லாபம் என்று ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் கேட்டார். மருந்து இல்லைதான், தேவையும் இல்லை. உலகத்தில் 40 கோடிப் பேருக்கு மேல் இந்தக் குறை இருக்கிறது. பெரும்பாலோர் ஒன்றும் தெரியாமலே நல்லபடியாக வாழ்ந்து முடிக்கிறார்கள். எதைத் தொடக் கூடாது என்று தெரிந்தால் போதும், மீதி எல்லாம் மற்றவர்களைப் போலத்தான். பாச்சா உருண்டை, சில மாத்திரைகள், பச்சைப் பிள்ளைக்குக் கையிலும் காலிலும் அப்பும் மருதாணி. மருதாணியும் ரத்தத்தை உடைக்கும் என்றால் எங்கள் தெருவில் இன்னும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் நேர்மாறு. ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் 'அவரை கூடாது' என்று அச்சடித்திருந்தது. என் மகள் இரண்டு வருடம் வீட்டில் அவரைக்காயும் மொச்சையும் நுழையவிடவில்லை. பொங்கலன்று சிறுகிழங்கோடு மொச்சை இல்லாமல் குழம்பு வைத்தோம். பிறகு டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: ஆகாதது வடக்கே பாக்லா என்று விற்கிற வேறு ஒரு பெரிய பயறு. அகராதியைப் பார்த்து யாரோ அதற்கு அவரை என்று பெயர் வைத்துவிட்டார்கள். நம் வீட்டுப் பந்தல் அவரை ஒரு பாவமும் அறியாதது. தமிழில் எழுதிக் கொடுப்பது நல்லதுதான், எழுதுகிறவர் கொஞ்சம் காய்கறிச் சந்தைக்கும் போய்வந்தால் தேவலை.

ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு 3 முதல் 5 பேருக்கு மேல் இந்தக் குறை உள்ள மக்களிடையே எல்லாக் குழந்தைக்கும் பார்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் குழு 1989லேயே சொல்லியிருக்கிறது. நம் தாலுகாவில் எத்தனை பேர் என்பது பார்க்க ஆரம்பித்தால்தானே தெரியும்? ஓராண்டு, ஒரே ஒரு தாலுகாவில் பாருங்கள் என்கிறேன். நம்மிடம் ஆள் இல்லாமல் இல்லை. கர்ப்பிணிகளுக்குப் பதிவின்போது கொடுக்கும் பிக்மி எண் இல்லாமல் ஒரு பிரசவம்கூடப் பதிவாகாத மாநிலம் இது. சுகாதாரச் செவிலியர் 3ஆம் நாள், 7ஆம் நாள், 14ஆம் நாள் என்று கணக்காக வீடு தேடி வருகிறார். எங்கள் வீட்டுக்கும் 7ஆம் நாள் வந்தாராம், பூட்டிக் கிடந்ததாம். தாய் சேய் அட்டையில் ஒரு கட்டம் சேர்த்து, 3ஆம் நாள் வருகிறவர் தொட்டிலை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுப் போனால் அதுவே பாதிப் பரிசோதனை.

2015ல் அரசு மருத்துவமனையில் பிறந்த பிள்ளைகளுக்கு 16 பொருள் வைத்து ஒரு பெட்டகம் கொடுக்க ஆரம்பித்தார்கள். துண்டு, சட்டை, படுக்கை, கொசுவலை, எண்ணெய், நகவெட்டி, தாய்க்கு லேகியம், பிள்ளைக்குக் கிலுகிலுப்பை. யோசித்து யோசித்துச் சேர்த்த பெட்டகம் அது. குறை சொல்ல மாட்டேன். அதில் கொடுத்த புதுத்துணியைப் பத்திரமாக மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுப் பழஞ்சேலையில் பிள்ளையைச் சுற்றுகிறவர்கள் நாங்கள் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. அந்தத் துணியோடு ஒரு சீட்டு வைத்தால் போதும், பெட்டித் துணியை இரண்டு தண்ணீர் துவைத்து, வெயிலில் போட்டு, வாசனை போன பிறகே பிள்ளைக்குப் போடுங்கள் என்று.

என் பெட்டிகளில் இப்போது காய்ந்த நொச்சி இலையும் வசம்பும்தான். பூச்சி கொஞ்சம் வரத்தான் செய்கிறது. இந்த வருடம் செட்டியார் பொம்மைக்குச் சுற்றியிருந்த துணியை அரித்துவிட்டது, செட்டியாருக்கு ஒன்றுமில்லை.

ஞாயிறு இணைப்பிதழில் நீங்கள் சேர்க்க வேண்டிய வரி இது: 'பாச்சா உருண்டை போட்ட பெட்டியில் இருந்த துணியை அப்படியே பச்சைப் பிள்ளைக்குச் சுற்றவோ தொட்டில் கட்டவோ கூடாது, பிள்ளைக்குக் கண் மஞ்சளாகி மூத்திரம் கறுத்தால் வெயிலுக்குக் கொண்டுபோகாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.' முடிந்தால் கட்டம் கட்டிப் போடுங்கள்.

என் பெயரைப் போட வேண்டாம். வருகிற ஜூனில் பேரனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை,
வீரவநல்லூர், திருநெல்வேலி மாவட்டம்